சேருமிடத்தின் பொறுப்பு

ஜாவா மொழியில் எழுதப்படும் மென்பொருளைக் கட்டித் தருவதற்கு மேவன் என்றொரு கருவி இருக்கிறது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இருபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பது. நிரலைத் தொகுப்பது, சோதிப்பது, பொட்டலமாகக் கட்டுவது என்று அது செய்யும் வேலைகளெல்லாம் ஒரு வரிசையில் நிற்கும். பொட்டலம் கட்டிய பிறகு அந்த வரிசையில் நான்கு படிகள் வருகின்றன: ஒருங்கிணைப்புச் சோதனைக்கான ஆயத்தம், ஒருங்கிணைப்புச் சோதனை, சோதனைக்குப் பின் எல்லாவற்றையும் எடுத்து வைத்தல், கடைசியாகத் தீர்ப்பு. மேவனை நிறுவி ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கினால் இந்த நான்கு படிகளும் காலியாகவே இருக்கும். தனித்தனி உறுப்புகளைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் கேட்காமலேயே ஓடும். உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சோதனையோ யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தால்தான் ஓடும்.

கருவியை வடித்தவர்கள் சோம்பலால் விட்ட இடமல்ல அது. ஓர் உறுப்பு தன்னளவில் சரியா என்பதை அந்த உறுப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிடலாம். அது எதோடு சேர வேண்டும் என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். ஒன்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசும். ஒன்று பக்கத்து நாட்டு வங்கியின் சர்வரோடு பேசும். ஒன்று தொழிற்சாலை எந்திரத்தோடு பேசும். அதை முன்கூட்டி அறிய எந்தக் கருவிக்கும் வழியில்லை. ஆகவே படிகளை மட்டும் அமைத்துவிட்டு, அவற்றில் என்ன நடக்க வேண்டும் என்பதை அந்தந்த வேலையைச் செய்கிறவர்களிடமே விட்டிருக்கிறார்கள்.

ஆனால் காலியாக விடப்பட்ட இடம் காலியாகவே கிடப்பதுதான் வழக்கம். பெரிய வேலைகளை நாம் பிரித்துக்கொண்டுதான் செய்கிறோம். பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆள், ஓர் ஒப்பந்தம், ஒரு கெடு என்று எல்லாம் வந்துவிடுகின்றன. இரண்டு துண்டுகள் சேருமிடத்துக்கு அப்படி எதுவும் வருவதில்லை. இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறார்கள். அந்தப் பக்கத்தாரும் அப்படியே. இந்த நம்பிக்கையில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, அதனால்தான் அது நெடுங்காலம் கேள்வி கேட்கப்படாமல் நீடிக்கிறது. ஒருங்கிணைப்புச் சோதனையைப் பில்டில், அதாவது மென்பொருளைக் கட்டும் ஓட்டத்தில், எழுதி வைப்பது என்பது, கேட்பாரற்ற அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமிப்பதும் அவருக்குத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதும்தான். சில வரி எழுதி முடிக்கும் வேலை. அதற்குள் இருக்கும் அறம் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

2

சேருமிடத்தை மறந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை ஜெர்மனி பெர்லினின் புதிய விமான நிலையத்தில் கண்டது. 2006 செப்டம்பரில் வேலை தொடங்கியது. பலமுறை கணக்கிட்டு, 2012 ஜூன் 3 திறப்பு நாள் என்று குறித்தார்கள். மே 24 அன்று விழா. அன்றைய சான்சலர் அங்கெலா மெர்கெல் வருவதாக இருந்தது. பழைய டேகல் விமான நிலையத்திலிருந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவதற்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மே 8 அன்று திறப்பு ரத்து என்று அறிவித்தார்கள். குறித்த நாளுக்கு நான்கு வாரம்கூட இல்லை.

ஓடுபாதையில் குறையில்லை. கூரையும் கண்ணாடியும் நின்றுகொண்டிருந்தன. தீப்பிடித்தால் நடக்க வேண்டிய காரியங்களின் தொடர்தான் அறுந்திருந்தது. ஒரு மூலையில் புகை எழுந்தால் உணரி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டுப்பாட்டு நிரல் எந்தப் பகுதி என்று அறிந்து அங்குள்ள விசிறிகளை இயக்க வேண்டும். சில கதவுகள் திறக்க வேண்டும், சில கதவுகள் மூட வேண்டும். வெளியேறும் புகைக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வர வேண்டும். தண்ணீர்த் தெளிப்பானும் அறிவிப்பும் அந்தப் பகுதிக்குச் சரியாக இயங்க வேண்டும். தீயைக் கண்டறிவது ஒரு நிறுவனத்தின் பொறுப்பு, புகையை வெளியேற்றும் கட்டுப்பாடு இன்னொரு நிறுவனத்தின் பொறுப்பு, கதவுகள் வேறு சிலருடையவை. போதாக்குறைக்கு, கூரைமேல் புகைபோக்கிகள் துருத்தி நிற்கக் கூடாது என்ற வடிவமைப்பு விருப்பத்தால், புகையின் ஒரு பகுதியைக் கீழ்நோக்கி இழுத்து நிலவறைக் குழாய்கள் வழியாக வெளியேற்றத் திட்டமிட்டிருந்தார்கள். மேலே போவது புகையின் இயல்பு. அதைக் கீழே இழுக்க வேண்டுமானால் எல்லாப் பாகங்களும் பிசகில்லாமல் ஒத்துழைக்க வேண்டும். அந்த ஒத்துழைப்பை யாராலும் நிரூபித்துக் காட்ட முடியவில்லை. தானியங்கி அமைப்பு தயாராகும்வரை நூற்றுக்கணக்கானவர்களைக் கதவருகே நிறுத்திக் கையால் திறக்க வைக்கலாம் என்றுகூட யோசித்தார்கள். அனுமதி தர வேண்டிய டாமெ-ஷ்ப்ரேவால்ட் மாவட்டக் கட்டட அலுவலகம் அதை ஏற்கவில்லை.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது, அங்கே சோதனையே நடக்காமல் இல்லை என்பது. திறப்புக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே தன்னார்வலர்கள் பெட்டியோடு வந்து, பயணிகளைப்போல வரிசையில் நின்று, கட்டி முடியாத கூடங்களில் நடந்து பார்த்தார்கள். பயணியும் பெட்டியும் விமானத்தைச் சேர்கின்றனவா என்ற கேள்விக்கு விடை தேடினார்கள். புகையும் கதவும் விசிறியும் ஒன்றையொன்று அறிகின்றனவா என்ற கேள்வி கடைசிக்குத் தள்ளப்பட்டது. 'சோதனை நடக்கிறது' என்ற செய்தி எப்போதும் ஆறுதலானது. எந்தச் சோதனை இன்னும் நடக்கவில்லை என்பது அந்த ஆறுதலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

பிறகு வந்த ஆண்டுகளில், ராட்சசன் என்றே பெயர் வாங்கிவிட்ட அந்தப் புகை வெளியேற்றும் அமைப்பைச் சிறிய பகுதிகளாகப் பிரித்தார்கள். எல்லாப் பாதுகாப்பு அமைப்புகளையும் ஒன்றாக இயக்கிப் பார்க்கும் சோதனை 2019 கோடையில் டியூவி ரைன்லாந்து என்ற பரிசோதனை அமைப்பின் வல்லுநர்களால் தொடங்கப்பட்டது. 2020 ஏப்ரல் 28 அன்று மாவட்ட அலுவலகம் பயன்பாட்டு அனுமதி வழங்கியது. அக்டோபர் 31 அன்று விமான நிலையம் திறந்தது. 2012-இல் குறித்திருந்த திறப்பு நாளிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டிருந்தன.

கட்டடக் கலைஞருக்குக் கிடைக்காத ஒரு பாக்கியம் மென்பொருள்காரருக்குக் கிடைத்திருக்கிறது. விமான நிலையத்தை ஒருமுறைதான் கட்ட முடியும். மென்பொருளைத் தினம் பலமுறை, ஒவ்வொரு சிறு திருத்தத்துக்குப் பிறகும், ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி முழுவதுமாகக் கட்டிப் பார்க்கலாம். ஒருவர் காலையில் ஒரு வரியை மாற்றினால் மதியத்துக்குள் அந்த வரி மற்ற எல்லாவற்றோடும் சேர்கிறதா என்று அறிய முடியும். பெர்லினில் பல ஆண்டு வேலையின் முடிவில் வைத்திருந்த சோதனையை நாம் ஒவ்வொரு நாளின் நடுவிலும் வைக்கலாம். இவ்வளவு எளிதாகக் கைக்கு வந்ததைச் செய்யாமல் விடுவதற்கு நம்மிடம் நல்ல சாக்கு எதுவுமில்லை.

3

சோதனையை எழுதி வைப்பதென்று முடிவு செய்ததும் வரும் முதல் கேள்வி: மறுபக்கத்தில் யாரை நிறுத்துவது?

என் நிரல் டேட்டாபேஸோடு பேச வேண்டும். உண்மையான டேட்டாபேஸைக் கிளப்ப நேரமாகும். அதற்குப் பதிலாக, கேட்டதும் நான் எதிர்பார்க்கும் விடையைத் தரும் ஒரு பதிலியை நிறுத்தலாம். தொழிலில் அதை மாக் என்கிறோம். வேகமானது, அடங்கியது, ஒருபோதும் மக்கர் செய்யாது. யூனிட் டெஸ்டில் அதற்கு நியாயமான இடம் உண்டு. ஆனால் மாக்கை எழுதுவது நான். மறுபக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று நான் நம்புகிறேனோ அதைத்தான் அது நடித்துக் காட்டும். என் நம்பிக்கையே தவறாக இருந்தால், அந்தத் தவறையும் சேர்த்து அது ஆமோதிக்கும். சேருமிடத்தைச் சோதிக்கும்போது மறுபக்கத்தில் என்னையே நிறுத்திக்கொண்டால் எனக்குக் கிடைப்பது என் குரலின் எதிரொலி.

அந்த எதிரொலியை நம்பியதன் விலை ஒருமுறை வானில் தெரிந்தது. 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து அரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் தொடங்கியது. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதுவதை ஆராய்வதற்கான கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கு அதில் இருந்தன. போடன்ஸே ஏரிக்கரையில் உள்ள ஃபிரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் நகரின் டோர்னியர் நிறுவனம் முதன்மை ஒப்பந்தக்காரராக இருந்து உருவாக்கியவை அவை. கிளம்பிய நாற்பது விநாடிகளுக்குள் ராக்கெட் வழிதவறிச் சிதறியது. ராக்கெட் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் கருவியின் நிரல் முந்தைய அரியான் 4-லிருந்து வந்தது. புதிய ராக்கெட் கிடைமட்டத்தில் வேகமெடுக்கும் விதம் வேறு. அதனால் எழுந்த ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணிக்கப் போய் அந்த நிரல் நின்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல்தான். அதுவும் அப்படியே நின்றது.

கணிதவியலாளர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை தந்தது. மென்பொருள்காரர்கள் வாசிக்க வேண்டிய ஆவணம் அது. அந்தக் கருவி தனியாகச் சோதிக்கப்பட்டுத் தேறியிருந்தது. அந்தத் தேர்ச்சியை நம்பி, முழு அமைப்பையும் சேர்த்துப் பார்த்த ஒத்திகைகளில் அந்தக் கருவியை வைக்காமல், அதன் வெளியீட்டைப் பாவனையாக உருவாக்கிக் கொடுத்திருந்தார்கள். புதிய பாதையின் எண்களை அந்த நிஜக் கருவிக்கு ஊட்டிப் பார்த்திருந்தால் பிழை தரையிலேயே தெரிந்திருக்கும். தேறிய உறுப்புதானே என்ற நம்பிக்கை, சேர்க்கைச் சோதனையில் அதன் இருக்கையைக் காலியாக வைத்தது. செயற்கைக்கோள்களை மீண்டும் கட்டினார்கள். 2000-இல் பைக்கனூரிலிருந்து இரண்டு சோயுஸ் ராக்கெட்டுகளில் அனுப்பி, ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து இயக்கினார்கள். இருபதாண்டுகளுக்கு மேல் அவை வேலை செய்தன. முதல் நான்கும் அழிந்ததால் அறிவியலுக்கு நான்காண்டுத் தாமதம்.

மறுபக்கத்தில் நிஜத்தை நிறுத்துவதற்கு, மென்பொருளைத் தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் டாக்கர் இன்று இருக்கிறது. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் போன்ற நூலகங்கள், சோதனை தொடங்கும்போது உண்மையான போஸ்ட்கிரெஸைக் கிளப்பி, முடிந்ததும் அணைத்துவிடுகின்றன. முன்பு அதன் இடத்தில் நினைவகத்தில் மட்டும் ஓடும் எச்2 போன்ற சிறிய டேட்டாபேஸ்களை வைத்துச் சமாளித்தோம். இரண்டும் ஒரே மொழி பேசுவதாகத் தோன்றும். பூட்டுகளிலும் தேதிகளிலும் சில வினவல்களின் இலக்கணத்திலும் வேறுபடும். அந்த வேறுபாடுகளில்தான் நேரடிப் பயன்பாட்டின் இரவுகள் கெடுகின்றன. உண்மையானதை நிறுத்தச் சில விநாடிகள் கூடுதலாகும். அந்த விநாடிகளைக் கொடுக்கலாம்.

நம் ஊரில் புதிதாகத் தேர் செய்தாலும் பழைய தேரைப் புதுப்பித்தாலும், சுவாமியை ஏற்றுவதற்கு முன் வெள்ளோட்டம் விடுகிறார்கள். மரவேலை செய்த தச்சர் வேறு. இரும்பு அச்சும் சக்கரமும் திருச்சி பெல் ஆலையில் செய்யப்பட்டவையாக இருக்கலாம். வடம் ஒருவர் திரித்தது, முட்டுக்கட்டை போடுகிறவர் இன்னொருவர். வெள்ளோட்டத்தில் தேரும் நிஜம், வீதியும் நிஜம், திருப்பமும் நிஜம், இழுக்கும் கையும் நிஜம். மூலவர் சார்பில் வரும் உற்சவர் மட்டும் அன்று ஏறுவதில்லை. நல்ல ஒருங்கிணைப்புச் சோதனையின் இலக்கணம் அதிலேயே இருக்கிறது: பயனாளியின் உயிரையும் பணத்தையும் தவிர மற்ற எல்லாம் உண்மையாக இருக்கட்டும்.

அந்த இலக்கணம் எல்லா வீதிகளுக்கும் போய்ச் சேரவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேருக்கு ஒரு குழு, சாலைக்கு ஒரு துறை, கம்பிக்கு ஒரு வாரியம். தேரின் உச்சியும் கம்பியும் சந்திக்கும் அந்தக் காற்றுவெளி யாருடைய கோப்பிலும் இல்லை. இதை ஒரு மென்பொருள் கட்டுரையில் உவமையாக எடுத்தாள எனக்கு மனமில்லை. சேருமிடத்துக்குப் பொறுப்பாளர் இல்லாதபோது சில இடங்களில் திரை உறைந்து நிற்கும், சில இடங்களில் மனிதர் இறப்பார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

4

மேவனில் யூனிட் டெஸ்டை ஓட்டும் ப்ளகின் ஷ்யூர்ஃபயர். ஒரு டெஸ்ட் தோற்றால் பில்டை அங்கேயே நிறுத்திவிடும். ஒருங்கிணைப்புச் சோதனைக்கு ஃபெயில்சேஃப் என்ற வேறொரு ப்ளகின். சோதனை தோற்றாலும் இது உடனே நிறுத்தாது. விளைவை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த படியில் டேட்டாபேஸை அணைக்கவும், பிடித்த போர்ட்டுகளை விடவும், போட்ட தரவை அழிக்கவும் வழிவிடும். எல்லாம் ஒழுங்கான பிறகு, கடைசிப் படியில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்து, தோல்வி இருந்தால் பில்டை நிறுத்தும்.

இந்த வரிசையை எனக்கு மிகவும் பிடிக்கும். தோல்வியைக் கண்டவுடன் போட்டது போட்டபடி ஓடிவிடாதே; எடுத்ததைத் திருப்பி வை; அடுத்து வருகிறவருக்கு இடத்தைத் துப்புரவாக்கிக் கொடு; பிறகு உண்மையைச் சொல். துப்புரவை விட்டுவிட்டால், முந்தைய ஓட்டத்தின் மிச்சம் அடுத்த ஓட்டத்தின் விடையைக் கெடுக்கும். துப்புரவைச் செய்துவிட்டு உண்மையைச் சொல்ல மறந்தால் அது இன்னும் மோசம்.

அப்படி மறக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஃபெயில்சேஃபுக்கு இரண்டு கட்டளைகள் எழுத வேண்டும்: ஒன்று சோதனையை ஓட்டு, மற்றது தீர்ப்பைச் சொல். முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டால், சோதனைகள் ஓடும், தோற்கும், தோல்வி கோப்பில் பதிவாகும், பில்ட் வெற்றி என்று பச்சையாக முடியும். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாத் தகவலும் வட்டில் இருக்கிறது. வாசிக்க ஆளில்லை. மேவனைப் போன்ற கிரேடில் கருவியிலும் இதற்கு நிகரான ஒரு வரி உண்டு. ஒருங்கிணைப்புச் சோதனைக்கென்று தனி டாஸ்க் எழுதினால் மட்டும் போதாது, 'செக்' என்ற பொதுச் சோதனை அதைச் சார்ந்திருக்கிறது என்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சோதனை அழகாக இருக்கும், அதை அழைப்பார் இருக்க மாட்டார்கள்.

நிறுவனங்களும் இப்படித்தான் உடைகின்றன. பெரிய தோல்விகளை ஆராயும் குழுக்கள் அநேகமாக எப்போதும் ஒரு பழைய காகிதத்தைக் கண்டெடுக்கின்றன. யாரோ முன்பே எச்சரித்திருப்பார்கள். குறையைக் காண்பது ஒரு திறமை, கண்டதை நிறுத்தும் அதிகாரத்தோடு இணைப்பது வேறொரு ஏற்பாடு. முதலாவது தனிமனிதரிடம் இருக்கலாம். இரண்டாவது எழுதி வைக்கப்பட வேண்டும்.

எழுதி வைத்த அதிகாரமும் தேயும். சில நாள் தேறி, சில நாள் காரணமின்றித் தோற்கும் சோதனையை ஃப்ளேக்கி என்கிறோம். முதலில் குழு அதை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. பிறகு மறுபடி ஓட்டுவதே பழக்கமாகிறது. பிறகு அந்தச் சோதனை சொல்லும் எதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை, அது உண்மையைச் சொல்லும் நாளிலும்கூட. கெடு நெருங்கும் வெள்ளிக்கிழமையில் சோதனைகளைத் தாண்டிப் போகச் சொல்லும் கொடியை ஒருவர் கட்டளையோடு சேர்க்கிறார். அவசரத்துக்கு ஒருமுறை செய்ததில் பெரிய குற்றமில்லை. அதே கொடி கோப்புக்குள் குடியேறி எல்லோருக்கும் இயல்புநிலை ஆகும்போது பொறுப்பாளர் பணிநீக்கம் செய்யப்பட்டுவிட்டார். பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறது.

5

தடுக்கும் அதிகாரத்தை எழுதி வைப்பதில் ஜெர்மனிக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1865 ஜனவரியில் மன்ஹைம் நகரின் பியர் ஆலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அக்காலத்தில் கொதிகலன் வெடிப்பு அரிதல்ல. அடுத்த ஆண்டு, பாடன் பகுதி ஆலை உரிமையாளர்கள் தாங்களே சேர்ந்து, தங்கள் கொதிகலன்களைப் பரிசோதிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். மற்ற நகரங்களிலும் அத்தகைய சங்கங்கள் எழுந்தன. அவற்றிலிருந்து வளர்ந்ததுதான் டியூவி. ஜெர்மனியில் கார் வைத்திருக்கும் எவரும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தாண்ட வேண்டிய தொழில்நுட்பப் பரிசோதனைக்கு மக்கள் வழங்கும் பெயர் அதுவே. பெர்லின் விமான நிலையத்தில் புகையையும் கதவையும் சேர்த்துச் சோதித்ததும் அந்த மரபில் வந்த அமைப்புதான்.

செய்தவர் ஒருவர், சோதிப்பவர் இன்னொருவர் என்ற பிரிவு மட்டும் அங்கே நடக்கவில்லை. தன் ஆலையை இன்னொருவர் நிறுத்தலாம் என்று ஆலை உரிமையாளர் தானே ஒப்புக்கொண்டார். பில்ட் கோப்பில் தீர்ப்புக்கான வரியை எழுதும் நிரலாளர் செய்வதும் இதையேதான். நாளை நான் அவசரத்தில் இருப்பேன், சோர்ந்திருப்பேன், என் வேலை சரியென்று நம்ப விரும்புவேன். அப்போது என்னைத் தடுக்கும் அதிகாரத்தை, தெளிவாக இருக்கும் இந்த நேரத்தில், ஒரு எந்திரத்திடம் ஒப்படைக்கிறேன். சுயகட்டுப்பாட்டை இவ்வளவு எளிய வடிவத்தில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

6

எல்லாம் எழுதி வைத்த பிறகும் ஒரு எல்லை இருக்கிறது. 2020 ஜூன் 16 அன்று ஜெர்மனி கொரோனா எச்சரிக்கைச் செயலியை வெளியிட்டது. ராபர்ட் கோஹ் நிறுவனத்தின் பெயரில், எஸ்ஏபியும் டாய்ச்ச டெலிகாமும் சில வாரங்களில் கட்டியது. நிரல் முழுவதும் பொதுவெளியில் இருந்தது. சர்வர் பகுதி ஜாவாவில், மேவனில் கட்டப்பட்டது. நிரலை எடுத்துத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்பும் எவருக்கும் உண்மையான போஸ்ட்கிரெஸையும் கோப்புக் கிடங்கையும் சேர்த்துக் கிளப்பும் ஏற்பாடு அதோடு வந்தது. அரசு சார்ந்த ஒரு மென்பொருள் இப்படித் திறந்து வைக்கப்பட்டதை மதிக்கிறேன்.

ஜூலை இறுதியில் ஒரு குறை தெரியவந்தது. சில ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவைத்தன. ஆகவே எச்சரிக்கைச் செயலி நாள்தோறும் செய்ய வேண்டிய பரிசோதனையை, பயனாளி தானே திறக்கும்வரை செய்யவில்லை. ஐபோனிலும் இதையொத்த தொல்லை இருந்தது. செயலி சரி, சர்வர் சரி, பேட்டரியைக் காக்கும் ஏற்பாடும் தன் வேலையைச் சரியாகவே செய்தது. சேருமிடம் ஒவ்வொரு மனிதரின் சட்டைப்பையிலும் இருந்தது. பின்னணி ஓட்டத்துக்கு முன்னுரிமை கேட்கும் ஒரு தேர்வைச் செயலியில் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

இதை வைத்துச் சோதனையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஒருங்கிணைப்புச் சோதனை அமைப்பும் ஒரு எல்லைக்கோடு. இதற்குள் வரும் சந்திப்புகளுக்கு நாங்கள் பொறுப்பு என்கிறது அது. வெளியே இருப்பது ஒன்றுமில்லை என்று அது சொல்வதில்லை. வெளியிலிருந்து ஒரு குறை வரும்போது கோட்டைச் சற்று தள்ளிப் போட வேண்டும். நல்ல குழுவின் சோதனைப் பட்டியலை வாசித்தால், அது பட்ட அடிகளின் வரலாறு அதில் தெரியும்.

அதே ஆண்டு இன்னொரு சேருமிடத்தை முறையாகக் கையாண்டார்கள். எல்லை தாண்டிப் பயணிப்பவருக்கு எந்த நாட்டுச் செயலி எச்சரிப்பது என்ற கேள்வி எழுந்தது. நாடுகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாமல், நடுவில் ஒரு நுழைவாயில் சர்வரை வைக்க முடிவு செய்தார்கள். டி-சிஸ்டம்ஸும் எஸ்ஏபியும் கட்டின. ஐரோப்பிய ஆணையம் லக்சம்பர்கில் இயக்கியது. செப்டம்பர் 14 அன்று ஜெர்மனி உட்பட ஆறு நாடுகளின் சர்வர்கள் அதனோடு சோதனை ஓட்டத்தைத் தொடங்கின. ஒரு மாதத்துக்கு மேல் பார்த்துவிட்டு, அக்டோபர் 19 அன்று ஜெர்மனியும் அயர்லாந்தும் இத்தாலியும் முதலில் நடைமுறையில் இணைந்தன. சேருமிடத்துக்கு ஒரு பெயர், ஓர் உரிமையாளர், தனக்கென்று நிரல், தனக்கென்று சோதனைக் காலம். நாடுகளுக்கிடையே செய்ய முடிந்ததை ஒரு அலுவலகத்தின் இரண்டு குழுக்களுக்கிடையே செய்ய முடியாதா என்ன?

7

நீல அட்டை விசாவில் ஜெர்மனிக்கு வந்து, மியூனிக்கிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் வால்டார்ஃபிலும் இத்தகைய பில்ட் கோப்புகளைப் பராமரிக்கும் தமிழ் இளைஞர்கள் ஏராளம். சென்னையிலும் கோவையிலும் இருந்தபடி ஜெர்மன் நிறுவனங்களுக்காக அதையே செய்கிறவர்கள் இன்னும் அதிகம். இந்த வேலைக்குப் பார்வையாளர் இல்லை. புதிய வசதியைச் செய்தவர் அதைத் திரையில் காட்டலாம். ஒருங்கிணைப்புச் சோதனையை ஒழுங்காக அமைத்தவருக்குக் காட்ட எதுவுமில்லை, எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் பலன். ஆண்டிறுதி மதிப்பீட்டில் அதை எழுதக் கட்டம் இருப்பதில்லை. ஆகவே அது குழுவில் இளையவரிடம், புதிதாகச் சேர்ந்தவரிடம், வேறு வேலை இல்லாத வாரத்தில் தள்ளிவிடப்படுகிறது.

அவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்களிடம் தள்ளிவிடப்பட்டது சிறு வேலை அல்ல. ஒரு திட்டத்தில் எல்லோருக்கும் துண்டுகள் கொடுக்கப்பட்டன. துண்டுகள் சேர்கின்றனவா என்று கேட்கும் உரிமை உங்களிடம் வந்திருக்கிறது. மறுபக்கத்தில் நிஜத்தை நிறுத்துங்கள். தொடங்கியதை அணைக்கும் வழியைத் தொடங்கும்போதே எழுதுங்கள். தீர்ப்புக்கான வரியை விடாதீர்கள். எழுதிய பிறகு, வேண்டுமென்றே ஒரு சோதனையைத் தோற்கவைத்து, பில்ட் உண்மையிலேயே நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். காரணமின்றித் தோற்கும் சோதனையைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் நீக்குங்கள், அரைகுறையாக வைத்திருக்காதீர்கள்.

மேலாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பில்ட் சிவப்பாகி நிற்கும் நாளில் அதை அமைத்தவரைத் தாமதத்துக்குக் காரணமானவராகப் பார்க்காதீர்கள். 2012 மே மாதத்தில் ஒரு மாவட்ட அலுவலகம் ஒரு நாட்டின் தலைநகரை எதிர்த்து அனுமதி தர மறுத்தது. அன்று எல்லோருக்கும் அது அவமானமாக இருந்தது. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் வேண்டிய இடத்தில் இருந்து, வேண்டிய வேலையைச் செய்த அதிகாரம் எது என்று கேட்டால், நான் அந்த மறுப்பைத்தான் சொல்வேன். மறுக்க ஒரு இடம் இருந்ததால்தான் பயணிகள் தீக்குள் அனுப்பப்படவில்லை. ஒரு பில்டுக்குள் அப்படிப்பட்ட இடத்தை உருவாக்கும் வேலைக்கு, நாம் இதுவரை கொடுத்ததைவிட அதிக நேரமும் அதிக மரியாதையும் கொடுக்க வேண்டும்.